உலர் நிலையில் பேணப்படும் குழாய்கள்

பதினைந்து மீட்டருக்கு மேல் உயரமான குடியிருப்புக் கட்டடங்கள் எல்லாவற்றிலும் தீத் தெளிப்பான்கள் இருந்தாக வேண்டும் என்று மாநகராட்சி சட்டம் போட்டது. அந்த ஒன்பது மாடிக் கட்டடத்தின் சங்கம் முதலில் செய்த காரியம், கட்டடத்தை அளந்து பார்த்தது. இருபத்தெட்டு மீட்டர் வந்தது. டேப்பில் கோளாறு இருக்கலாம் என்று வேறு டேப் வாங்கி வந்து அளந்தார்கள். அதிலும் இருபத்தெட்டுதான். கட்டடம் குனிந்து கொடுப்பதாக இல்லை.

அடுத்து அவகாசம் கேட்டு மனு போட்டார்கள். அவகாசம் தீர்ந்ததும் அவகாசத்துக்கு அவகாசம் கேட்டார்கள். அதுவும் தீர்ந்த பிறகு, இருக்கிறவர்களிலேயே குறைவாகச் சொன்ன ஒப்பந்தக்காரனைப் பிடித்து வேலையை முடித்தார்கள். வீட்டுக்கு வீடு சிவப்புக் குழாய் ஓடியது. ஒவ்வொரு அறையின் மேற்கூரையிலும் கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளை மூக்கு முளைத்தது. அதன் நடுவில் சிவப்புத் திரவம் நிறைந்த சின்னக் கண்ணாடிக் குப்பி. அறை தீப்பிடித்துச் சூடேறினால் குப்பி வெடிக்கும். பின்னால் காத்திருக்கும் தண்ணீர் குடை விரித்த மாதிரிக் கொட்டும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. ஆனால் குழாயில் தண்ணீரை விட்ட முதல் நாளே சங்கத்துக்குப் புரிந்தது வேறு விஷயம். தண்ணீர் இருந்தால் ஒழுகும்.

பதினேழு இடத்தில் ஒழுகியது. பொருளாளர் வீட்டில் நேராகத் தொலைக்காட்சிப் பெட்டியின் தலையில். மூன்றாம் மாடியில் ஒருவர் கட்டிலின் மேல் குடை பிடித்து உட்கார்ந்து படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஒப்பந்தக்காரன் போனை எடுக்கவில்லை. சரிசெய்ய வேண்டுமென்றால் வீடு வீடாக மேற்கூரைப் பலகையைப் பிரிக்க வேண்டும். என் வீட்டுக் கூரையில் கை வைக்கிறவன் கையை ஒடிப்பேன் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். கூட்டம் போட்டார்கள். முப்பத்தாறு வீட்டுக்குப் பதினோரு பேர் வந்தார்கள். தலைவர் எழுந்து ஒரு தீர்மானம் வாசித்தார்.

"தெளிப்பான் குழாய்களை இனி உலர் நிலையில் பேணுவது என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

கைதட்டினார்கள். உலர் நிலை என்றால் உள்ளே தண்ணீர் கிடையாது. தீயை அணைக்க மாட்டிய குழாயில் வெறும் காற்று. மற்ற இருபத்தைந்து வீட்டுக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒழுகல் நின்றது; சரிசெய்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று அவர்களும் குடையை மடக்கி வைத்தார்கள்.

தலைவர் முப்பது வருஷம் காப்பீட்டு நிறுவனத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீடு எரிந்தவர்கள் கொடுக்கும் விண்ணப்பங்களில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் அங்கே அவர் வேலை. அடுப்பை அணைத்தீர்களா என்று வீடு எரிந்தவனிடமே கேட்டுக் கையெழுத்து வாங்கியவர். அப்படிப்பட்டவரைத்தான் தீப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக்கினார்கள். அனுபவசாலியாம்.

தீர்மானத்தை நிறைவேற்றிய கை பிளம்பருடையது. அவரை எல்லோரும் 'வாஷர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் குழாய் எங்கே ஒழுகினாலும், பார்ப்பதற்கு முன்பே "வாஷர் போயிருக்கும்" என்று சொல்லிவிடுவார். பத்துக்கு எட்டு முறை அது சரியாகவும் இருக்கும். ஐம்பத்தாறு வயது. நகரத்தின் உரிமம் பெற்ற பிளம்பர். உரிம அட்டையைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருப்பார். மனைவி போன பிறகு அவருக்கென்று இருந்தது அந்த அட்டையும் ஒரே மகளும்தான்.

முதன்மை வால்வைத் திருகி மூடி, குழாய்களை வடித்தது வாஷர்தான். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. வருஷாவருஷம் சோதனைக்கு மாநகராட்சி அதிகாரி வருவார். அவர் பார்ப்பது மூன்றே மூன்று: கீழே பம்ப் அறையில் அழுத்தமானி, மேலே ஒன்பதாம் மாடி நடைபாதையில் இருக்கும் சோதனைக் குழாய், தண்ணீர் ஓடினால் அடிக்கவேண்டிய மணி. மூன்றுக்கும் வழி பண்ணினார்கள். அழுத்தமானிக்கு ஒன்றும் பண்ண வேண்டியிருக்கவில்லை. மூடிய வால்வுக்குக் கீழே இருக்கும் மூன்றடிக் குழாயில் அழுத்தம் தேங்கி நிற்கும், முள் இருக்கவேண்டிய ஏழு என்ற எண்ணையே காட்டும். வால்வின் சக்கரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டி, 'திறந்த நிலையில் பூட்டப்பட்டுள்ளது' என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டார் தலைவர். சோதனைக் குழாய்க்கு, சுவருக்குப் பின்னால் ஓடும் குளியலறைத் தண்ணீர் லைனிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு ரகசிய இணைப்பு கொடுத்தார் வாஷர். திறந்தால் கொட்டோ கொட்டு என்று கொட்டும். மணிக்கு வாட்ச்மேன். மேலே குழாயைத் திறந்ததும் வாஷர் பையில் கையை விட்டு இரண்டு ரிங் மிஸ்டு கால் கொடுப்பார்; கீழே வாட்ச்மேன் மணிப் பொத்தானை அமுக்குவான்.

போன வருஷச் சோதனையில் இந்த நாடகம் பிசிறில்லாமல் நடந்தது. அதிகாரி "பரவாயில்லையே, நல்லா மெயின்டெயின் பண்றீங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார். வாஷருக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். அந்த முழ நீள இணைப்பு அவ்வளவு சுத்தமான வேலை. ஒரு சொட்டு ஒழுகவில்லை. கட்டடத்திலேயே ஒழுகாத இணைப்பு அது ஒன்றுதான்.

பிறகு மகள் அதே கட்டடத்துக்குக் குடிவந்தாள்.

மாப்பிள்ளை யாரையும் கேட்காமல் வீடு வாங்க முன்பணம் கொடுத்துவிட்டு வந்து சொன்னார். ஒன்பதாம் மாடி, நல்ல காற்று, தூரத்தில் கடல் மாதிரி ஏதோ தெரிகிறது. வீட்டைப் பார்க்க எல்லோரும் போனபோது மாப்பிள்ளை மேலே கையைக் காட்டினார்.

"பாருங்க மாமா, ஒவ்வொரு ரூம்லயும் ஸ்பிரிங்ளர். இதுக்காகவே எடுத்தேன். குழந்தை இருக்கிற வீடு பாருங்க. இந்த வேலையெல்லாம் எப்படி மாமா? நீங்கதான் இங்க எல்லாம் பாக்குறீங்களாமே?"

வாஷர் நாற்காலியில் ஏறிக் குழாயை விரலால் தட்டிப் பார்த்தார். டங்கென்று காலி டப்பாச் சத்தம் வந்தது.

"குழாய் நல்ல குழாய்தான்," என்றார்.

அது பொய் இல்லை. குழாய் நல்ல குழாய்தான். இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டுப் பொய் சொல்லவில்லை என்று திருப்திப்பட்டுக்கொள்கிற ஆள்களை வாஷர் வாழ்நாள் முழுக்கத் திட்டியிருக்கிறார்.

மகளுக்கு ஏழு மாதக் கைக்குழந்தை. அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. குடிவந்த வாரமே சங்கம் ஒட்டியிருந்த தீப் பாதுகாப்பு அறிவிப்பை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவள்தான். அறிவிப்பை எழுதிய தலைவரையும் சேர்த்துத்தான் சொல்வது. மணி அடித்தால் கேஸை மூடவும். ஈரத் துணியால் முகத்தை மூடவும். லிஃப்ட் வேண்டாம், படியில் இறங்கவும். அடுப்புக்கு நேர் மேலே இருந்த தெளிப்பானைக் குழந்தைக்குக் காட்டி, "அதோ பாரு, தாத்தா மாட்டின மழை" என்பாள். வாஷர் கையில் இருக்கும் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தலைவரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தார்.

"தலைவரே, அந்த லைனை ஒழுங்கா சரி பண்ணிடலாம். நானே கூட இருந்து ஒவ்வொரு ஜாயின்ட்டா பிரிச்சுப் பூட்டித் தர்றேன்."

"ஏன்யா திடீர்னு?"

"இல்ல, தீ கீ புடிச்சா…"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வருஷமா இங்க முப்பத்தஞ்சு வீட்டுல ஆளுங்க இருக்காங்க. அப்பெல்லாம் உனக்கு ஒண்ணும் தோணல. உன் பொண்ணு வந்தப்புறம்தான் நெருப்பு சுடும்னு தெரிஞ்சுதா?"

அந்த ஆள் சொன்னதிலேயே உண்மையானது அது ஒன்றுதான்.

"அப்புறம் இன்னொண்ணு," என்றார் தலைவர். "சுவத்துக்குப் பின்னால அந்த இணைப்பு யாரு கையால போட்டது? நான் ஸ்பேனர் புடிச்சதே இல்லப்பா. லைசென்ஸ் உன் பையிலதான இருக்கு. பத்திரமா வெச்சுக்க."

அன்றிலிருந்து வாஷர் ஒரு திட்டம் போட்டார். நல்ல கோழைத்தனமான திட்டம். ரகசிய இணைப்பில் ஒரு சின்ன வால்வு இருந்தது. சோதனை நாள் காலையில் அதைச் சத்தமில்லாமல் மூடிவிடுவது. அதிகாரி குழாயைத் திறப்பார், தண்ணீர் வராது, சான்று கிடைக்காது, சங்கம் அலறியடித்துக்கொண்டு வேலையைச் செய்யும். யார் மேலும் பழி விழாது. உரிமம் பையிலேயே இருக்கும். மகளுக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

சோதனை நாளும் வந்தது. காலை பத்தரைக்கு அதிகாரி வந்தார். அதே ஆள். கையில் படிவம் சொருகிய அட்டை, காதோரம் பேனா.

"சீக்கிரம் முடிச்சிடலாமா? எனக்கு மத்தியானத்துக்குள்ள இன்னும் நாலு கட்டடம் இருக்கு."

"உங்க இஷ்டம் சார். நம்மகிட்ட எல்லாம் கச்சிதமா இருக்கும், உங்களுக்கே தெரியும்," என்றார் தலைவர்.

பம்ப் அறையில் அதிகாரி அழுத்தமானியின் கண்ணாடியைச் சுண்டினார். முள் ஏழிலிருந்து அசையவில்லை. வால்வில் தொங்கிய அட்டையைப் படித்தார். 'திறந்த நிலையில் பூட்டப்பட்டுள்ளது.' அட்டையே சொல்கிறதே என்று தலையாட்டிவிட்டு ஒரு குறி போட்டார். சங்கிலியைத் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டால் கை அழுக்காகும்.

லிஃப்டில் அதிகாரி, தலைவர், வாஷர் மூன்று பேரும் ஒன்பதாம் மாடிக்குப் போனார்கள். சோதனைக் குழாய் நடைபாதையின் கடைசியில், ஒரு சின்னப் பெட்டிக்குள். பக்கத்துக் கதவு மகளுடையது. வாஷர் பெட்டியைத் திறந்து, அடியில் வாளியை வைத்து, ஒதுங்கி நின்றார். அதிகாரி குனிந்து குழாயின் பிடியை நோக்கிக் கையை நீட்டினார்.

கை படவே இல்லை. கட்டடம் அதிர மணி அடித்தது.

வாஷர் பையைத் தடவினார். அவர் போனை எடுக்கவே இல்லை. கீழே வாட்ச்மேனுக்கு அவனுடைய மச்சான் கூப்பிட்டு, இரண்டே ரிங்கில் வைத்துவிட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. கடமை தவறாத வாட்ச்மேன். பொத்தானை அமுக்கியவன் அமுக்கியபடியே நின்றான்.

அதிகாரி நீட்டிய கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு தலைவரைப் பார்த்தார். "நான் இன்னும் திறக்கவே இல்லையே?"

தலைவர் கண் இமைக்கவில்லை. "நம்ம சிஸ்டம் ரொம்ப சென்சிட்டிவ் சார். நீங்க பெட்டிகிட்ட வந்தாலே புரிஞ்சுக்கும்."

இதைக் கேட்டு ஒரு ஐந்து வயதுக் குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். அதிகாரி "ஓ" என்றார்.

பிறகு குழாயைத் திறந்தார். இணைப்பில் மிச்சமிருந்த தண்ணீர் ஒரு கையளவு வாளியில் விழுந்தது. அடுத்து ஒரு ஏப்பம். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. இதற்காகத்தான் வாஷர் காலையிலேயே அந்தச் சின்ன வால்வை மூடி வைத்திருந்தார். அதிகாரி முகத்தையே பார்த்தார். சொல்லு, தண்ணி வரலைன்னு சொல்லு.

அதிகாரி படிவத்தைப் பார்த்தார். "'தண்ணீர் வந்ததா?' வந்துச்சு."

"வந்துச்சு சார், நானே பார்த்தேன்," என்றார் தலைவர்.

"சார்," என்றார் வாஷர். "நின்னு போச்சே சார்."

"எவ்வளவு நேரம் வரணும்னு இதுல கேக்கலையே. ஆம் இல்லன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு." அதிகாரி 'ஆம்' கட்டத்தில் குறி போட்டார். "'மணி அடித்ததா?' அது நல்லாவே அடிக்குது. யாராவது நிறுத்தச் சொல்லுங்களேன்."

மணி இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஒன்பது மாடிக் கட்டடம், முப்பத்தாறு வீடு. ஒரு கதவு திறக்கவில்லை. எங்கோ கீழே ஒருவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்தது கேட்டது.

அப்போது பக்கத்துக் கதவு படாரென்று திறந்தது. மகள் வெளியே வந்தாள். இடுப்பில் குழந்தை, குழந்தையின் தலைமேல் சொட்டச் சொட்ட ஈரத் துண்டு. தன் மூக்கிலும் ஈரத் துணி கட்டியிருந்தாள். செருப்புகூடப் போடவில்லை. லிஃப்ட் பக்கம் திரும்பாமல் நேராகப் படிக்கட்டுக்கு ஓடினாள். ஓடும்போதுதான் மூன்று பேரையும் பார்த்தாள்.

"அப்பா! எங்க தீ? எந்த மாடி?"

"தீயெல்லாம் இல்லம்மா," தலைவர் சிரித்தார். "சும்மா டெஸ்ட்டு. பாருங்க சார், எவ்வளவு பொறுப்பான பொண்ணு. நம்ம வாஷரோட மகதான்."

மகள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். மூக்குத் துணியை இறக்கினாள். "நோட்டீஸ்ல முன்னாடியே போட்டிருக்கலாம்ல சார்? உயிரே போயிருச்சு. கேஸை மூடிட்டு, இவனைத் தூக்கிட்டு…" பிறகு அவளே சிரித்தாள். "சரி, நல்லதுதான். எல்லாம் வேலை செய்யுதான்னு பாக்கணும்ல. என்னப்பா, நல்லா வேலை செய்யுதா?"

அதிகாரி படிவத்தின் அடியில், கையெழுத்துப் போடும் இடத்தில் பேனாவை வைத்தார்.

குழந்தை துண்டின் ஓரத்தைச் சப்பிக்கொண்டிருந்தது. வாஷர் அதைப் பார்த்தார். இந்தக் கட்டடத்தில் மணியை நம்பியவள் ஒருத்திதான். அவளையும் சேர்த்துத்தான் அவர் ஏமாற்றியிருந்தார்.

"கையெழுத்துப் போடாதீங்க சார்," என்றார்.

"என்னது?"

"குழாய்ல தண்ணி கிடையாது. கீழ வால்வு மூடிக் கிடக்கு. போன வருஷம் நீங்க பார்த்தது பாத்ரூம் லைன். நான்தான் போட்டேன். மணியை வாட்ச்மேன் கையால அடிக்கிறான்."

தலைவரின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்தது. "சார், இவருக்குக் கொஞ்ச நாளா உடம்பு சரியில்ல."

அதிகாரியின் முகத்தில் வந்தது கோபம் இல்லை, பயமும் இல்லை, சலிப்பு. மத்தியானத்துக்குள் நாலு கட்டடம். வாஷரின் தோளைத் தொட்டு இரண்டடி தள்ளிக் கூட்டிப்போனார்.

"இங்க பாருங்க பெரியவரே. போன வருஷமும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். புரியுதா? இப்ப நீங்க சொன்னது என் காதுல விழல. காத்தோட போச்சு. நீங்க சத்தம் போடாம அந்த வால்வைத் திறந்து விட்டுக்குங்க. யாருக்கும் கஷ்டமில்ல."

"திறந்தா பதினேழு இடத்துல ஒழுகும். அன்னைக்கே மறுபடி மூடிடுவாங்க."

"அது உங்க உள் விவகாரம்."

"எப்படிச் சொன்னா சார் உங்க காதுல விழும்?"

அதிகாரி பெருமூச்சு விட்டார். "எழுதிக் குடுத்தா நான் வாங்கித்தான் ஆகணும். உங்க பேரு, லைசென்ஸ் நம்பர், என்ன பண்ணீங்க, எல்லாம். எழுதுறதுக்கு முன்னாடி யோசிச்சுக்குங்க. நம்பரை எழுதினா அந்த நம்பர் போயிடும்."

வாஷர் திரும்பினார். மகள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. வீட்டுக்குள் போய், ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினாள்.

"எழுதுங்க."

"யோவ் வாஷர்," தலைவர் பல்லைக் கடித்தார். "இந்தக் கட்டடத்துல இனி ஒரு குழாயைத் தொட மாட்டே. இந்த ஊர்லயே தொட மாட்டே. உன் மாப்பிள்ளை கடன் போட்டு வாங்கின வீடு இது. விலை பாதியாப் போகும். அதையும் சேர்த்து எழுது."

"அதையும் எழுதுறதுன்னா உங்க தீர்மானத்தையும் எழுதணுமே தலைவரே. உலர் நிலை."

சோதனைப் பெட்டியின் மூடியை மேஜையாக வைத்து வாஷர் எழுதினார். அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. 'இணைப்பு' என்ற சொல்லை இரண்டு முறை அடித்துத் திருத்தினார். உரிம எண்ணை மட்டும் பார்க்காமலே எழுதினார். இருபத்தாறு வருஷமாகப் பில் புத்தகத்தில் எழுதி எழுதிக் கைக்குப் பழகிய எண். அதிகாரி தாளை வாங்கி, சனியனே என்பதுபோலப் பார்த்துவிட்டு, 'ஆம்' கட்டங்களை அடித்து 'இல்லை'யில் குறி போட்டார். அறுபது நாளில் சரிசெய்யாவிட்டால் கட்டடத்துக்குக் குடியிருப்பு அனுமதி ரத்து என்று ஒரு தாளைக் கிழித்துத் தலைவர் கையில் திணித்தார். போன வருஷக் கையெழுத்துக்கு என்ன கதை சொல்வது என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்திருந்த முகம். உரிம அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது தலைவர் அவரிடம் எதையோ விளக்கிக்கொண்டே இருந்தார். மணி அப்போதுதான் நின்றது.

நடைபாதையில் அப்பாவும் மகளும் மட்டும்.

வாஷர் நோட்டையும் பேனாவையும் மகளிடம் நீட்டினார். மகள் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தார். எதிர்பார்த்தது தப்பு என்று சொல்ல முடியாது, மனிதன் அப்படித்தான். ஒரு வருஷம் திருடிவிட்டு ஒரு நாள் திருப்பிக் கொடுத்தால் மாலை போடுவார்கள் என்று நினைப்பான்.

"நாங்க வீடு பாக்க வந்த அன்னைக்கு உங்களுக்குத் தெரியும்," என்றாள் மகள்.

"தெரியும்."

"தட்டிப் பாத்துட்டு நல்ல குழாய்னு சொன்னீங்க."

"குழாய் நல்ல…"

"அப்பா."

வாஷர் வாளியை எடுத்து ஓரமாக வைத்தார்.

"மூணு மாசமா நீங்க தினமும் வந்து, இவனை மடில போட்டுக்கிட்டு, அதுக்குக் கீழதான் உக்காந்திருந்தீங்க."

"இன்னைக்குச் சொல்லிட்டேன்லம்மா. லைசென்ஸே போச்சு."

"யார்கிட்ட சொன்னீங்க? அந்த ஆள்கிட்ட ஒரு பேப்பர் குடுத்தீங்க. அறுபது நாள் தலைவர் அதை அமுக்கி வெச்சுக்குவார். மேல ஒரு மனு போடுவார், அவகாசம் கேப்பார். இங்க இருக்கிறவங்களுக்கு யாரு சொல்றது?" குழந்தையை இடுப்பு மாற்றினாள். "வாங்க. இந்த மாடியில இருந்து ஆரம்பிங்க."

"வீடு வீடாவா? மாப்பிள்ளை என்ன சொல்லுவார்?"

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். தட்டுங்க."

முதல் கதவில் ஒருவர் காதில் போனோடு வந்தார். வாஷர் சொல்லி முடிப்பதற்குள் போனைக் கையால் பொத்தினார். "ஐயா, ஒரு உதவி. அடுத்த வாரம் என் வீட்டைப் பாக்க ஒரு பார்ட்டி வருது. வித்து முடிக்கிற வரைக்கும் இதை வெளிய சொல்லாம இருக்க முடியுமா?" முடியாது என்று மகள் சொன்னாள். கதவு மூடிக்கொண்டது.

இரண்டாம் கதவில் ஒரு அம்மாள். கவனமாகக் கேட்டாள். முடித்ததும் கண்கள் பளிச்சிட்டன. "அப்ப அது சும்மாதானே இருக்கு? கழட்டிடலாமா? பெரிய ஃபேன் மாட்டுறதுக்கு அது ஒண்ணுதான் இடைஞ்சல்." உலர் நிலைக்குக் கைதட்டாதவர்கள், கூட்டத்துக்கு வராததால்தான் கைதட்டவில்லை என்று வாஷருக்குப் புரிந்தது.

மூன்றாம் கதவைத் திறந்த பெண்ணின் கையில் ஸ்பூன். உள்ளே கட்டிலில் ஒரு ஆள் படுத்திருந்தார், கால்மாட்டில் சக்கர நாற்காலி. இரண்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு வாஷர் கொஞ்சம் விஷயத்தை மென்மையாக்கிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா, இந்த ஸ்பிரிங்ளர் லைன்ல ஒரு சின்னக் கோளாறு…"

"சின்னக் கோளாறு இல்ல," என்றாள் பின்னாலிருந்து மகள். "திரும்பச் சொல்லுங்க."

வாஷர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் கையிலிருந்த ஸ்பூனைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இதுல தண்ணி இல்லம்மா. இருக்கிற மாதிரி நான்தான் செட் பண்ணி வெச்சேன். தீப்புடிச்சா ஒரு சொட்டு வராது."

அந்தப் பெண் விலையைக் கேட்கவில்லை. ஃபேனைக் கேட்கவில்லை. "எவ்வளவு நாளா?" என்றாள்.

"பதினாலு மாசமா."

அவள் மனதுக்குள் எதையோ கணக்குப் போட்டாள். உள்ளே திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். "போன மார்ச்சுல முதல் மாடில ஒரு வீடு காலியாச்சு. இவரைத் தூக்கிட்டு ஓட முடியாதே, மாறிடலாம்னு கேட்டேன். தலைவர்தான் சொன்னார், மேல தண்ணி இருக்கும்மா, எதுக்குப் பயப்படுறன்னு." அவள் குரல் உயரவே இல்லை. "நீங்க அன்னைக்கு இங்கதான் நின்னுக்கிட்டிருந்தீங்க. சிங்க்குக்கு வாஷர் மாத்த வந்திருந்தீங்க."

அவருக்கு நினைவு இல்லை. எத்தனை சிங்க், எத்தனை வாஷர். நின்றிருப்பார். கேட்டிருப்பார். குழாயைத் திருகிக்கொண்டே இருந்திருப்பார்.

"ஆமாம்மா," என்றார். "நின்னேன்."

அவள் தலையை ஆட்டிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

வாஷர் படிக்கட்டின் முதல் படியில் உட்கார்ந்தார். "மீதியை நாளைக்கு வெச்சுக்கலாமா?"

மகள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவரைத் தாண்டி இரண்டு படி இறங்கி நின்றாள்.

"இன்னும் முப்பத்திரண்டு வீடு இருக்குப்பா," என்றாள். "எந்திரிங்க."

அவர் கைப்பிடியைப் பிடித்து எழுந்து, அவள் பின்னால் எட்டாம் மாடிக்கு இறங்கினார்.